சத்தத்தை அடக்கிய குழாயும் அதை மறைத்த மூடியும்

பெற்றோல் இயந்திரம் பொருத்திய மாதிரி விமானம் ஒன்றை அருகிருந்து பார்த்தவர்கள் அதன் மூக்குப் பகுதியில் ஒரு விநோதத்தைக் கவனித்திருக்கக்கூடும். செட்டைகளும் வாலும் உண்மையான விமானத்தின் நுணுக்கங்களோடு அமைந்திருக்கும். வர்ணப் பூச்சில் குறை சொல்ல எதுவும் இராது. ஆனால் இயந்திரத்தை மூடியிருக்கும் அழகிய மூடியின் ஒரு பக்கத்தில் பெரியதொரு ஓட்டை வெட்டப்பட்டு, அதனூடாக அலுமினியக் குழாயொன்று துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் குழாய்தான் சைலன்சர். மோட்டார் வாகனத்துக்கு பொனற் எப்படியோ, விமான இயந்திரத்துக்கு அப்படி அமைந்த அந்த மூடியை ஆங்கிலேயர் கவுல் அல்லது கவுலிங் என்பர்.

இந்த மூடியையும் இந்தக் குழாயையும் ஒரே மூக்குக்குள் இணக்கமாக அமர்த்துவது எப்படி என்பது மாதிரி விமானக் கலைஞர்களைப் பல தசாப்தங்களாக அலைக்கழித்த கேள்வி. கேட்பதற்குச் சிறு விடயம்தான். ஆயினும் அந்த ஓட்டையின் பின்னால் காற்றோட்டம் பற்றிய விஞ்ஞானமும் அயலவரின் அமைதி பற்றிய நீதியும் ஒளிந்திருக்கின்றன. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மூடியின் கதை முதலாம் உலக யுத்த காலத்துக்குச் செல்கிறது. அன்றைய போர் விமானங்கள் பலவற்றில் நோம், லெ ரோன் போன்ற பிரெஞ்சு நாட்டு இயந்திரங்கள் பூட்டப்பட்டிருந்தன. இவற்றில் சுழலியோடு சேர்ந்து இயந்திரம் முழுவதுமே சுழலும். உராய்வைக் குறைக்க ஆமணக்கெண்ணெய் பயன்படுத்தப்பட்டது. சுழலும் சிலிண்டர்கள் அந்த எண்ணெயை நாலாபுறமும் விசிறியடித்தன. விமானியின் முகத்திலும் மூக்குக்கண்ணாடியிலும் எண்ணெய் படிந்தது. ஆகவே இயந்திரத்தைச் சுற்றித் தகட்டு வளையம் ஒன்று அமைத்தார்கள். சிந்தும் எண்ணெயைப் பிடித்துக் கீழே வழியவிடுவது அந்த வளையத்தின் முக்கிய பணிகளுள் ஒன்று.

யுத்தத்தின் பின்னர் சுழலும் இயந்திரங்கள் வழக்கொழிந்தன. அசையாது நிற்கும் நட்சத்திர வடிவ இயந்திரங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இவை காற்றினால் குளிர்த்தப்படுபவை. சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய குளிர்த்தகடுகளில் காற்று பட்டால்தான் சூடு தணியும். எனவே இயந்திரத்தை வெறுமையாகவே காற்றில் நீட்டிவிட்டார்கள். குளிர்ச்சி கிடைத்தது; ஆனால் துருத்தி நின்ற சிலிண்டர்கள் ஒவ்வொன்றும் காற்றோடு மோதி விமானத்தின் வேகத்தைக் குறைத்தன. மூடினால் வெந்துபோகும், மூடாவிட்டால் வேகம் குறையும் என்ற இக்கட்டு அன்றே தோன்றிவிட்டது.

இதற்குத் தீர்வு தேடும் பணி அமெரிக்காவின் நாக்கா என்ற விமானவியல் ஆலோசனைக் குழுவிடம் வந்து சேர்ந்தது. 1958இல் நாசாவாக மாறிய நிறுவனம் இதுவே. வேர்ஜினியா மாநிலத்தின் லாங்லி ஆய்வுகூடத்தில் 20 அடி விட்டமுடைய காற்றுச் சுரங்கம் ஒன்று 1927இல் இயங்கத் தொடங்கியது. உண்மையான இயந்திரத்தையும் சுழலியையும் அப்படியே உள்ளே வைத்துச் சோதிக்கக்கூடிய அளவுக்கு அது பெரியது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் பிரெட் வெய்க் என்ற இளம் பொறியியலாளர். அவரும் சகாக்களும் மூடியே இல்லாத நிலையிலிருந்து முழுவதும் மூடிய நிலை வரை படிப்படியாகப் பல வடிவங்களைச் சோதித்தார்கள்.

1928இல் வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. முழுவதும் மூடிய இயந்திரம்கூட, காற்று செல்லும் வழியைச் சரியாக அமைத்தால், போதிய அளவு குளிர்ச்சி பெறும் என்பதே அது. கேர்ட்டிஸ் ஹோக் விமானம் ஒன்றில் இந்த மூடியைப் பொருத்தியபோது அதன் உச்சவேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது. இயந்திரத்தின் வலுவில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. 1929 பெப்ரவரியில் பிராங் ஹோக்ஸ் என்ற விமானி இதே வகை மூடி பொருத்திய லொக்ஹீட் எயர் எக்ஸ்பிரஸ் விமானத்தில் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயோர்க் வரை எங்கும் தரிக்காமல் 18 மணித்தியாலம் 13 நிமிடத்தில் பறந்து புதிய சாதனை படைத்தார். அந்த ஆண்டுக்கான கொலியர் விருது நாக்காவுக்குக் கிடைத்தது. அதே காலத்தில் பிரித்தானியாவில் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹியூபேர்ட் டவுனெண்ட் என்பவர் ஒடுங்கிய வளைய மூடி ஒன்றை உருவாக்கினார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இந்த ஆய்வுகளின் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மூடிக்குள் காற்று நுழைவது மட்டும் போதாது; நுழைந்த காற்று சூடான இடத்தைத் தொட்டுச் செல்லவேண்டும்; தொட்ட பின்னர் தடையின்றி வெளியேறவும் வேண்டும். சூடேறிய காற்று விரிவடைவதால் வெளியேறும் வழி குறுகலாக இருந்தால் உள்ளே தேக்கம் ஏற்படும். தேங்கிய காற்று புதிய காற்றை உள்ளே விடாது. மாதிரி விமானம் செய்பவர்களும் பின்னாளில் இதே பாடத்தைத் தத்தம் இயந்திரங்களைப் பழுதாக்கிக் கற்றுக்கொண்டார்கள்.

இனி மாதிரி விமானங்களின் பக்கம் வருவோம். பெற்றோல் இயந்திரத்தால் பறந்த மாதிரிகள் மிகப் பழையவை. 1901இல் அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் லாங்லியின் காற்பங்கு அளவு மாதிரி பறந்தது. 1914இல் இங்கிலாந்தில் டேவிட் ஸ்டேஞ்சர் என்பவரின் மாதிரி 51 விநாடிகள் பறந்து ஏற்படுத்திய சாதனை 18 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் இருந்தது. எனினும் சாதாரண இளைஞர்களின் கைக்கு எட்டியவை இறப்பர் நாடாவை முறுக்கிப் பறக்கவிடும் மாதிரிகள் மட்டுமே.

அந்த நிலையை மாற்றியவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் பிரவுன். அவர் தயாரித்த, ஏறத்தாழ 10 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய சிறிய இயந்திரத்தைப் பொருத்தி மக்ஸ்வெல் பாசெட் என்ற இளைஞர் 1933ஆம் ஆண்டு அமெரிக்க தேசியப் போட்டிகளில் இறப்பர் மாதிரிகளைத் தோற்கடித்தார். அதன் பின்னர் பெற்றோல் மாதிரிகளுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கவேண்டி வந்தது. பிரவுன் ஜூனியர் எனப்பட்ட அந்த இயந்திரம் 21 டொலர் 50 சதத்துக்கு விற்பனையானது. பொருளாதார மந்தம் நிலவிய அந்தக் காலத்தில் இது சிறு தொகையன்று. இருந்தும் இளைஞர்கள் காசு சேர்த்து வாங்கினார்கள்.

1947இல் ரே ஆர்டன் என்பவர் குளோ பிளக்கை அறிமுகம் செய்தார். அதுவரை தீப்பொறிக்காகப் பற்றரி, சுருள், கொண்டென்சர் ஆகியவற்றை விமானம் சுமக்கவேண்டியிருந்தது. குளோ பிளக்கில் உள்ள பிளாட்டினக் கம்பியை முதலில் ஒரு தடவை சூடாக்கிவிட்டால் போதும். மெதனோல் எரிபொருள் அதன் பிறகு தொடர்ந்து பற்றிக்கொள்ளும். பாரம் குறைந்தது, வேகம் கூடியது. எரிபொருளோடு கலக்கப்பட்டது அதே ஆமணக்கெண்ணெய்தான். முதலாம் உலக யுத்த விமானிகள் சுவாசித்த அந்த நெடி விளையாட்டு மைதானங்களுக்கும் வந்து சேர்ந்தது.

அதோடு சத்தமும் வந்தது. ஈரடிப்பு இயந்திரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 12,000 சுற்றுகள் என்றால் விநாடிக்கு 200 வெடிப்புகள். ஒவ்வொரு வெடிப்பின் புகையும் திறந்த துவாரத்தால் நேரே வெளியில் பாயும். ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்கும் அந்தக் கீச்சொலி இயந்திரத்தின் சொந்தக்காரருக்கு இசை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சற்றுக் கண்ணயர விரும்பும் அயலவருக்கோ அது சித்திரவதை.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு இதை விளங்கிக்கொள்வதில் சிரமமில்லை. தைமாதத்தில் எங்கள் ஊர்களில் ஏற்றப்படும் பட்டங்களுக்கு விண் பூட்டுவார்கள். இரவிரவாக வானில் நின்று கூவும் அந்த ஒலி பட்டம் ஏற்றியவனுக்குப் பெருமை. சுகவீனமுற்றுப் படுக்கையில் கிடப்பவருக்கு அது வேறு. ஆகாயத்தில் எழும் சத்தம் யாருடையது என்பதைப் பொறுத்தே அதன் பொருளும் அமைகிறது. பின்னாளில் விமானத்தின் ஒலியை வைத்தே அதன் வகையைச் சொல்லக்கூடிய ஒரு தலைமுறை எம்மிடையே வளர்ந்தது என்பதையும் இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சைலன்சரின் பிறப்பில் ஒரு முரண் உண்டு. 1884இல் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மக்ஸிம், 1894இல் இங்கிலாந்தின் கென்ற் பிரதேசத்தில் 3 தொன்னுக்கு மேற்பட்ட நீராவிப் பறக்கும் பொறி ஒன்றையும் செய்து தண்டவாளத்தில் ஓடவிட்டுச் சோதித்தவர். தம் துப்பாக்கிகளின் ஓசையாலேயே அவரது செவிப்புலன் கெட்டது என்பர். அவருடைய மகன் ஹைரம் பேர்சி மக்ஸிம்தான் துப்பாக்கி ஒலியை அடக்கும் கருவிக்கு 1909இல் காப்புரிமை பெற்றவர். அதே தத்துவத்தைக் கொண்டு இயந்திரங்களுக்கான சைலன்சர்களையும் அவரது நிறுவனம் தயாரித்தது. அதே மகன்தான் 1914இல் அமெரிக்காவின் பொழுதுபோக்கு வானொலியாளர் சங்கத்தை நிறுவியவர்களில் முதன்மையானவர். அந்த வானொலி ஆர்வலர்களின் வழிவந்த வோல்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937இல் வானொலியால் கட்டுப்படுத்தப்படும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். சத்தத்தை அடக்கும் கருவியும் விமானத்தைக் கட்டுப்படுத்தும் வானொலியும் ஒரே மனிதரின் ஆர்வங்களோடு தொடர்புபட்டவை என்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

ஆயினும் மாதிரி விமானக்காரர்கள் சைலன்சரை விரும்பி ஏற்கவில்லை. வலு குறையும், பாரம் கூடும், அழகு கெடும் என்று வாதிட்டார்கள். மூன்றிலும் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் நகரங்கள் வளர்ந்து வயல்வெளிகளின் ஓரங்களில் வீடுகள் எழுந்தன. முறைப்பாடுகள் குவிந்தன. பிரித்தானியாவில் உள்ளூராட்சி சபைகள் பல தங்கள் பூங்காக்களிலும் பொதுவெளிகளிலும் இயந்திர மாதிரிகளைத் தடைசெய்தன. பறப்பதற்கு இடமே இல்லாத நிலை வந்தபோதுதான் கழகங்கள் விழித்துக்கொண்டன. 1960களில் சைலன்சர் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. 1982இல் பிரித்தானிய அரசு மாதிரி விமான ஒலி பற்றிய நடைமுறைக் கோவை ஒன்றை வெளியிட்டது. 7 மீற்றர் தூரத்தில் 82 டெசிபலுக்கு மேற்படக்கூடாது என்பது அதிலிருந்த அளவு.

கசப்போடு ஏற்ற இந்தக் குழாயால் எதிர்பாராத நன்மையொன்றும் விளைந்தது. சைலன்சருக்குள் இருக்கும் அழுத்தத்தைச் சிறு குழாய் மூலம் எரிபொருள் தாங்கிக்குக் கொண்டுசென்றபோது காபுரேற்றருக்குச் செல்லும் எரிபொருள் சீரானது. குத்துக்கரணம் அடிக்கும்போதும் இயந்திரம் நின்றுபோவது குறைந்தது. சைலன்சரை எதிர்த்தவர்களே பின்னர் அதைக் கழற்ற மனமில்லாதவர்களானார்கள்.

எஞ்சியது மூடிப் பிரச்சினை. மாதிரி இயந்திரங்களில் புகைத்துவாரம் பெரும்பாலும் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்திருக்கும். அங்கு பூட்டிய சைலன்சர் விமானத்தின் உடலுக்கு வெளியே பருத்து நீளும். உண்மை விமானத்தைப் பார்த்துச் செய்த மூடியில் அதற்கு இடமில்லை. சிலர் இயந்திரத்தைத் தலைகீழாகவும் சிலர் சரிவாகவும் பூட்டிப் பார்த்தார்கள். கேர்ட்டிஸ் பிட்ஸ் வடிவமைத்த, வித்தைகாட்டும் சிறிய ஈரடுக்குச் செட்டை விமானம் மாதிரிக்காரர்களின் விருப்பத்துக்குரியது. அதன் குட்டையான மூக்குக்குள் அடங்கும்படி சதுரப் பெட்டி போன்ற சைலன்சர்கள் செய்யப்பட்டன. இரண்டு சிறு குழாய்கள் மட்டும் மூடியின் அடியால் வெளியே தெரியும். இன்றும் அந்த வகைக்குப் பிட்ஸ் சைலன்சர் என்றே பெயர்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. முன்னர் வெளியே நின்று காற்றில் ஆறிய சைலன்சர் இப்போது மூடிக்குள்ளேயே அடுப்பாக எரிந்தது. ஆகவே காற்றோட்டத்தை மேலும் கவனிக்கவேண்டியதாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் இலண்டன் சென்றிருந்தபோது, அங்கு வசிக்கும் என் பெறாமகன் இந்த வேலையில் ஈடுபட்டிருக்கக் கண்டேன். மெல்லிய மட்டை ஒன்றில் சைலன்சரின் வடிவத்தை வெட்டி, இயந்திரமும் சைலன்சரும் பூட்டிய நிலையில் அதைச் சரியாகப் பொருந்தச் செய்தார். மட்டையின் பின் ஓரத்தை விமானத்தின் உடலோடு ஒட்டுநாடாவால் ஒட்டினார். பின்னர் மட்டையை மெல்லப் பின்னால் மடித்து, சைலன்சரைக் கழற்றி, மூடியை அதன் இடத்தில் வைத்து, மட்டையை மறுபடி முன்னால் மடித்தார். மட்டையில் இருந்த ஓட்டை இப்போது மூடியின்மேல் சரியான இடத்தைக் காட்டியது. பென்சிலால் வரைந்துகொண்டார். முதலில் சிறிதாக வெட்டி, வைத்துப் பார்த்து, பின்னர் அரத்தால் சிறுகச் சிறுகப் பெரிதாக்கினார். குழாயைச் சுற்றி ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டார். இயந்திரம் அதிரும்போது உலோகம் பட்டால் பைபர்கிளாஸ் மூடி வெடித்துவிடுமாம். திருகாணிகளின் கீழ் இறப்பர் வளையங்கள் இட்டதும் அதற்காகவே.

பின்னர் மூடியின் அடிப்பக்கத்தில் வேறொரு ஓட்டையை வெட்டத் தொடங்கினார். அது முன்பக்கத் துவாரத்தைவிடப் பெரியது. நன்றாக இருக்கும் மூடியை ஏன் பழுதாக்குகிறாய் என்று கேட்டேன்.

"பெரியப்பா, காத்து உள்ளுக்கு வாறது பெரிய விசயமில்லை. வெளியில போக வழி வேணும். வாற வழியை விடப் போற வழி பெரிசா இருக்கவேணும்," என்றார்.

முன்பக்கத்தில் தேவையற்ற திறப்புகளை உள்ளிருந்து பல்சா மரத்தகட்டால் அடைத்து, நுழையும் காற்று முழுவதும் சிலிண்டரின் தலையைத் தழுவிச் செல்லும்படி செய்திருந்தார். லாங்லி ஆய்வுகூடத்தைப் பற்றி அவர் வாசித்தவரல்லர். கழகத்தில் மூத்தவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம். காற்றுச் சுரங்கத்தில் பிறந்த அறிவு இப்படிக் கைமாறிக் கைமாறி ஒரு வீட்டின் பின்கொட்டிலை வந்தடைந்திருந்தது.

சைலன்சரும் எல்லாச் சத்தத்தையும் அடக்கிவிடவில்லை. 11 அங்குலச் சுழலி நிமிடத்துக்கு 12,000 சுற்றுகள் சுழலும்போது அதன் நுனி விநாடிக்கு 175 மீற்றர் அளவில் விரைகிறது. ஒலியின் வேகத்தில் இது ஏறக்குறைய பாதி. புகைக்குழாயை எவ்வளவு அடக்கினாலும் சுழலியின் ஓசை எஞ்சும். ஆகவே பெரிய சுழலியை மெதுவாகச் சுழலவிடும் வழக்கம் வந்தது. 1976இல் ஜப்பானின் ஓஎஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த நாலடிப்பு இயந்திரத்துக்கு வரவேற்புக் கிடைத்ததற்கு அதன் ஆழ்ந்த, இதமான ஒலியும் ஒரு காரணம். சிறிய சைலன்சரே அதற்குப் போதுமானதாக இருந்ததால் மூடியும் பிழைத்தது.

பின்னர் மின்சாரம் வந்தது. இங்கிலாந்தில் கேணல் டப்ளின் 1957இலேயே மின்மோட்டாரால் வானொலி மாதிரியைப் பறக்கவிட்டிருந்தார். ஆயினும் இலிதியம் பற்றரிகள் மலிந்த பின்னர்தான் அது சாதாரண மக்களிடம் பரவியது. மின்மோட்டாருக்குப் புகையில்லை, சைலன்சர் வேண்டியதில்லை, மூடியில் ஓட்டை வெட்டும் வேலையும் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் மோட்டாரும் பற்றரியும் சூடாகின்றன. காற்று நுழையவும் வெளியேறவும் வழி வேண்டும் என்ற விதி அங்கும் மாறவில்லை.

இந்த வரலாற்றை நாம் இன்று அறியமுடிவதற்கு ஒரு காரணம் உண்டு. பிரித்தானியாவில் 1935இல் தொடங்கிய ஏரோமொடலர் போன்ற சஞ்சிகைகளில் அந்தக் கலைஞர்கள் தம் வெற்றிகளையும் தோல்விகளையும் மாதந்தோறும் எழுதிவைத்தார்கள். எந்த ஓட்டையை எங்கு வெட்டினால் இயந்திரம் பிழைக்கும் என்பதுகூட அச்சில் இருக்கிறது. எமது ஊரில் விண் எப்படிச் சீவப்பட்டது, அதன் நாரை எவ்வளவு இழுத்துக் கட்டினால் எந்தச் சுருதி எழும், எட்டுமூலைப் பட்டத்துக்கு முச்சை எங்கு கட்டப்பட்டது என்பவற்றை அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். உலகெங்கும் பரந்து வாழும் வாசகர்களில் அந்தக் கைப்பக்குவம் தெரிந்தவர்கள் இருப்பீர்களானால், தயவுசெய்து எழுதிவையுங்கள். சிறு விடயம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.